இடது கதவில் மூன்று சாவு

அத்தியாயம் 4

பிணம் ஒரு துணிக்கடைப் பையில் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்த பெண் பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள். உதவியாளன் உமர் ஃபாரூக் பைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், கெட்டுப்போய்க் கீது. எப்ப செத்துதாம்?"

"போன மழையில," என்றாள் அந்தப் பெண், சீரியஸாகவே.

ஜெயஸ்ரீ மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு பைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது ஒரு கார் ஸ்பீக்கர். முன்பக்கத்து பிளாஸ்டிக் கோன் பளபளவென்று புதிதாக இருந்தது. பின்பக்கம்தான் கோரம். இரும்புச் சட்டத்தில் பாதி சுத்தம், பாதி துரு. துருப்பிடித்த பாதியில் காந்தத்தின்மேல் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. சுத்தத்துக்கும் துருவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை.

ஜெயஸ்ரீயின் கண்கள் மின்னின. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். கொலை, கொள்ளையைவிட, ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி அதிகம். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் மேஜையில் வைத்துவிடாதீர்கள், திரும்பக் கிடைக்கும்போது பல்சக்கரம் பல்சக்கரமாகக் கிடைக்கும் என்று வருகிறவர்களை உமர் வாசலிலேயே எச்சரித்துவிடுவான்.

"உட்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

"என் பேர் அனன்யா. இது மூணாவது ஸ்பீக்கர். மூணும் அப்பா காரோட இடது முன் கதவுல செத்தது. வலது கதவுல ஒண்ணுமே ஆகலை."

"ஒரே எடம், ஒரே ஸ்டைலு. சைக்கோ கொலைகாரன் மேடம்," என்றான் உமர்.

"மாட்டினது யாரு?" என்று கேட்டாள் ஜெயஸ்ரீ.

"அச்யுத். எனக்குப் பாத்திருக்கற பையன். பாத்திருக்கறதுன்னா, நானே பாத்துண்டேன், அப்பா ஒத்துண்டார். ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம்." அனன்யாவின் குரல் தணிந்தது. "இப்போ அப்பா நிறுத்திடலாங்கறார்."

"ஒரு ஸ்பீக்கருக்காகவா?"

"ஸ்பீக்கருக்காக இல்லை, பொய்க்காக." அனன்யா அந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டினாள். "இதைப் பாத்துட்டு அப்பா, இது கடல் உப்புங்கறார். நடுவுல ஒருநாள் காரை சர்வீஸுக்கு விடறேன்னு அச்யுத் எடுத்துண்டு போனான். அவா வீடு பாலவாக்கத்துல, பீச்சுக்குப் பக்கத்துல. 'என் காரை அலைக்குள்ள விட்டிருக்கான், கேட்டா இல்லைன்னு சாதிக்கறான், வாய் கூசாமப் பொய் சொல்றவனுக்குப் பொண்ணு கிடையாது'ங்கறார்."

"விட்டிருப்பாரா?"

"தூறல் விழுந்தா தான் நனைஞ்சுண்டே பைக் சீட்டுக்கு உறை போடறவன் அவன். அலைக்குள்ள விடுவானா?"

"அப்பா என்ன வேலை பார்த்தார்?"

"இன்ஷூரன்ஸ் கம்பெனி. க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனார்."

உமர் தலையில் கைவைத்துக்கொண்டான். "முட்ஞ்சிது. எரிஞ்சி போன வண்டிய இட்டுனு போய்க் காட்னாகூட, வெயில்ல கறுத்துப்போச்சின்னு சொல்ற பார்ட்டிங்க."

அனன்யா அவனை வியப்போடு பார்த்தாள். "எங்கப்பாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஜெயஸ்ரீ எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "உமர், ஒரு கட்டு ஈர்க்குச்சி எடுத்துக்கோ."

"கொலைகாரனப் புடிக்க விளக்குமாறா மேடம்?"

"பாதிதான் வேணும். மீதியை உனக்கு வெச்சிருக்கேன்."

ஆட்டோவில் போகும்போது அவள் அனன்யாவுக்கு விளக்கினாள். ஆட்டோக்காரரும் கேட்டுக்கொண்டு வந்தார்.

கார் கதவுக்குள் தண்ணீர் போகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். போகும். மழை பெய்தால் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் எங்கே போகும்? கண்ணாடி இறங்குவதற்கென்று கதவின் தோளில் ஒரு நீளமான பிளவு இருக்கிறதே, அதன் வழியாகக் கதவுக்குள் இறங்கும். பிளவின் விளிம்பில் ரப்பர் பீடிங் உண்டு. அது தண்ணீரைத் துடைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. காரைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். மேலே வருகிற தண்ணீர் கீழே வடிந்து தெருவுக்குப் போய்விடும். நடுவில், நாம் உட்காரும் பக்கம் ஈரம் வராமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதற்கு மேலேதான் நாம் கையை வைத்துக்கொள்கிற டோர் பேட்.

"அப்போ கதவு ஒரு பெட்டி இல்லையா?" என்றாள் அனன்யா.

"பெட்டி இல்லை, வடிகால். அந்த வடிகாலுக்குள்ள முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுதான் ஸ்பீக்கர்."

"பாவம்மா," என்றார் ஆட்டோக்காரர், சிக்னலைத் தாண்டி.

மந்தைவெளியில் அனன்யாவின் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழை விட்டிருந்தது. திறந்தவெளியில் ஒரு பழைய நீல நிறக் கார் நின்றது. அதன் பக்கத்தில், மழைக்கோட்டும் கையில் டூல்பாக்ஸுமாக, தண்டனைக்குக் காத்திருக்கிறவன்போல் ஓர் இளைஞன். அவன்தான் அச்யுத். காருக்கு அந்தப் பக்கம், அவனைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தபடி பத்ரிநாராயணன். பஞ்சகச்சம் மாதிரி இறுக்கமான முகம், நெற்றியில் அகலமான விபூதிப் பட்டை.

"வாங்கோ," என்றார் ஜெயஸ்ரீயிடம். "பொண்ணு துப்பறியறவாளைக் கூட்டிண்டு வரப்போறேன்னா. நான் தடுக்கலை. உப்புங்கறது உப்புதான். கார் கடலுக்குப் போகலைன்னு நிரூபிச்சுட்டேள்னா ஞாயித்துக்கிழமை விசேஷம் நடக்கும். இல்லேன்னா மண்டபத்துக்கு நானே போன் பண்ணிடறேன்."

"மாமா, நான் போகவே இல்லை..." என்று ஆரம்பித்தான் அச்யுத்.

"உப்பு பேசறது. நீ பேசாதே."

உமர் அச்யுத்தின் காதருகே போனான். "மச்சி, இவுரு உனக்கு மாமனார் ஆகணும்னு நீதான் ஆசப்பட்டியா? யாரும் கட்டாயப்படுத்தலியே?"

ஜெயஸ்ரீ இடது கதவின் பேடைக் கழற்றச் சொன்னாள். அச்யுத் டோர் பேடின் திருகுகளை எடுத்தான், கிளிப்புகளைப் பட்பட்டென்று விடுவித்தான். பேட் கையோடு வந்தது. உள்ளே பார்த்ததும் ஜெயஸ்ரீ கதவின் முன் அப்படியே மண்டியிட்டுவிட்டாள்.

"அடடா! உமர், இங்கே வா. இதைப் பாரு."

"இன்னா மேடம், க்ளூவா?"

"இல்லை, அழகு."

பிளாஸ்டிக் ஷீட் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை. முதல்முறை கழற்றும்போதே பெரும்பாலோர் அதைக் கிழித்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்புறம் காலடி மிதியடி ஏன் நனைகிறது என்று கூரையைப் பார்ப்பார்கள். அச்யுத் அதைப் பொறுமையாக உரித்து, பிசின் போன்ற கறுப்பு டேப்பால் சுற்றிலும் மறுபடி ஒட்டியிருந்தான். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் பிளாஸ்டிக். மரத்தூள் பலகையில் செய்திருந்தால் ஒரே மழையில் பூரிபோல் உப்பியிருக்கும். ஸ்பீக்கரின் தலைக்கு மேல், உள்பக்கமாக, ஒரு சின்னக் கூரை. அதுவும் மேல்பாதிக்கு மட்டும்.

"முழுசா ஏன் மூடலை?" என்று சோதித்தாள் ஜெயஸ்ரீ.

"முழுசா மூடினா உள்ள போன ஈரம் வெளிய வராது. காத்தும் அடைபட்டு சத்தம் அமுங்கிடும். குடை மாதிரி இருந்தாப் போறும்னு தோணித்து," என்றான் அச்யுத்.

"இந்த ஒயர் ஏன் கீழே இவ்வளவு தொங்குது?"

"ஒயர்ல வழியற தண்ணி, ஒயர் சேர்ற கப்ளருக்குள்ள போயிடக்கூடாதுன்னு, மேடம். கீழ இறங்கிட்டு மேல ஏறினா, தொங்கற எடத்துலேயே சொட்டிடும்."

ஜெயஸ்ரீ பத்ரிநாராயணனைத் திரும்பிப் பார்த்தாள். "சார், ஸ்பீக்கர் மாட்டறதுல இந்தப் பையனுக்கு நூத்துக்கு நூறு."

"அப்புறம் ஏன் செத்தது?"

நியாயமான கேள்விதான். ஜெயஸ்ரீ அந்தப் பிணத்தை எடுத்து வளையத்தில் பொருத்திப் பார்த்தாள். திருகுத் துளைகள் ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தின. துருப்பிடித்த பாதி கீழே வந்தது. சுத்தமான பாதி மேலே.

"பார்த்தீங்களா? மழை மேலேருந்து விழுந்திருந்தா தலைதான் முதல்ல நனைஞ்சிருக்கும். இதுக்குத் தலை காய்ஞ்சிருக்கு, இடுப்புக்குக் கீழே நனைஞ்சிருக்கு."

"வேளச்சேரில வெள்ளம் வந்தப்ப எங்க சின்னம்மா வூட்டு பீரோ இப்டித்தான் இருந்துச்சி," என்றான் உமர்.

"அதே! இது நனைஞ்சு சாகலை, உமர். மூழ்கிச் செத்திருக்கு. கதவுக்குள்ள தண்ணி ஏறியிருக்கு."

"அலை!" என்றார் பத்ரிநாராயணன், ஒரு விரலை உயர்த்தி. "நான் என்ன சொன்னேன்? அலை!"

அச்யுத்தின் முகம் வெளிறியது. அனன்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெயஸ்ரீ ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் கேட்டாள்.

முதலில் வலது கதவு. மூடிய கண்ணாடியின்மேல் மெதுவாக ஊற்றினாள். தரையில் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உமர், "வருது, வருது, முகத்துல வருது!" என்று எழுந்து ஓடினான். கதவின் அடியிலிருந்து தண்ணீர் நூல் நூலாக வடிந்தது.

அடுத்து இடது கதவு. ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். உமர் இந்தமுறை தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"இன்னா மேடம், ஊத்துறீங்களா இல்லியா?"

ஒரு சொட்டு வரவில்லை. ஸ்பீக்கர் இருந்த ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு ஜெயஸ்ரீ கதவை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் களக், களக் என்றது.

"வழி அடைஞ்சிருக்கு. போன தண்ணி திரும்பலை. ஐப்பசி மழை விடாம அடிச்சா உள்ளேயே குளம் கட்டி, ஸ்பீக்கர் வரைக்கும் ஏறும். அப்புறம் மெல்லக் கசிஞ்சு காயும். அடுத்த மழைக்கு மறுபடி."

"அப்போ அலை இல்லையா?" என்றாள் அனன்யா ஆவலாக.

ஆனால் பத்ரிநாராயணன் சும்மாவா க்ளெய்ம் பார்த்தவர்! அடுத்த நொடியே அச்யுத்தின் கறுப்பு டேப்பைக் காட்டினார். "அடைச்சது யாரு? இந்தப் பிசினை அப்பினவன்தானே? அப்போவும் குத்தவாளி இவன்தான்!"

அச்யுத் தன் கைகளையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டான். "ஒருவேளை டேப் துண்டு உள்ள விழுந்திருக்குமோ..."

ஜெயஸ்ரீ கதவின் அடியில் ஒரு துளைக்குள் ஈர்க்குச்சியை நுழைத்துச் சுரண்டினாள். வந்தது கறுப்பில்லை. சாம்பல் கலந்த வெள்ளையில் கெட்டியான ஒரு பசை.

"உப்பு!" என்று கைதட்டினார் பத்ரிநாராயணன். "திரும்ப உப்பு!"

"அனன்யா, இரண்டு டம்ளர்ல தண்ணி. ஒரு ஸ்பூன் சமையல் உப்பு."

டம்ளர்கள் காரின் பானெட்டில் வைக்கப்பட்டன. ஒன்றில் உப்பு, ஒன்றில் பசையும் ஸ்பீக்கரில் சுரண்டிய பொருக்கும். ஜெயஸ்ரீ இரண்டையும் கலக்கினாள். உப்பு காணாமல் போனது. மற்றது கலங்கி, மிதந்து, பிறகு சோம்பலாக அடியில் படிந்தது. இன்னும் கலக்கினாள். இன்னும் படிந்தது.

"உப்பா இருந்தா கரைஞ்சிருக்கும் சார். இது கடல் இல்லை."

பத்ரிநாராயணன் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தோற்றுப்போன அறிகுறியே அந்த முகத்தில் இல்லை.

"கரையலை. ஒத்துக்கறேன். இவா ஆத்துல மாடி கட்டிண்டிருக்கா, தெரியுமோ? இது சிமெண்ட். என் கார்ல சிமெண்ட் மூட்டை ஏத்திண்டு போயிருக்கான். கேட்டா சர்வீஸ்ங்கறான்."

"மாமா!" என்று அலறினான் அச்யுத்.

"கடலேர்ந்து கரைக்கு வந்துட்டாரு. அதுவே முன்னேற்றம்தான் மச்சி," என்று ஆறுதல் சொன்னான் உமர்.

ஜெயஸ்ரீயின் பார்வை வேறெங்கோ இருந்தது. கழற்றிவைத்த டோர் பேடின் மேல்விளிம்பில், கண்ணாடி ஓரத்து ரப்பரில், விரலால் தேய்த்தது போன்ற ஒரு மங்கலான வெள்ளைத் தடம். அவள் அதைத் தொடவில்லை.

"இந்த இடது சீட்ல யார் சார் உட்காருவாங்க?"

"நான்தான். கண் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அனன்யா ஓட்டறா, நான் பக்கத்துல. தினம் சாயங்காலம் கோவிலுக்குப் போயிட்டு வருவோம். இன்னிக்கும் நாழியாயிடுத்து."

"நாங்களும் வரலாமா?"

"கோவிலுக்கு வர யாரு வேணாம்னா? இவன் மட்டும் வரவேண்டாம்." அச்யுத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வேஷ்டி மாற்ற மாடிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெயஸ்ரீ கையை நீட்டினாள். "உமர், உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"ஸ்பீக்கருக்கு பதிலா கதவுக்குள்ள உட்காரப் போகுது. டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கேமரா உள்பக்கம் பார்க்கற மாதிரி வளையத்துல கட்டணும்."

"மேடம், அந்த எடத்துல மூணு பேர் செத்திருக்காங்க!"

"இன்னிக்கு இனிமே மழை இல்லைடா."

"மழ இல்லன்னு வானிலை அறிக்கைலகூட இப்டி தெகிரியமா சொல்ல மாட்டாங்க." முனகிக்கொண்டே கொடுத்தான். அச்யுத் போனைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் வளையத்தில் கிடத்திக் கட்டி, பேடை மூடினான். வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான கதவு.

கார் கிளம்பியது. அனன்யா ஓட்ட, பத்ரிநாராயணன் பக்கத்தில் உட்கார, ஜெயஸ்ரீயும் உமரும் பின்னால். ஒவ்வொரு பிரேக்குக்கும் இடது கதவுக்குள் களக் என்று சத்தம்.

"சார், கதவுக்குள்ள எவனோ எளநி சீவிக்கினு கீறான். உங்களுக்குக் கேக்கலியா?"

"பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும்," என்றார் பத்ரிநாராயணன்.

வடக்கு மாட வீதியில் அனன்யா ஓரங்கட்டினாள். அவர் மட்டும் இறங்கிக் கோவிலுக்குள் போனார். பூக்காரிகளின் குரலும் ஆட்டோ ஹாரனும் காரைச் சுற்றி மோதின. உமர் தன் போனுக்காக ஒருமுறை பெருமூச்சு விட்டான். பத்ரிநாராயணன் திரும்பி வந்தபோது ஒரு கையில் அர்ச்சனைத் தட்டுப் பை, இன்னொரு கை மூடியிருந்தது. உட்கார்ந்தார். பெல்ட் மாட்டினார். பின்னால் இருந்தவர்களுக்கு அவருடைய தோள் மட்டும்தான் தெரிந்தது. கோபுரத்துக்கு நேராகக் கார் நகரும்போது பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கண்மூடி, கைகூப்பி, உதடு அசைய ஏதோ முணுமுணுத்தார்.

"கண்ணாடி வழியாவே கும்பிடலாமே சார், ஈரக்காத்து அடிக்குதே," என்றாள் ஜெயஸ்ரீ.

"ஸ்வாமிக்கும் நமக்கும் நடுவுல கண்ணாடி வெச்சுண்டு கும்பிட்டா அது டிவி பாக்கற மாதிரி." கண்ணாடி மறுபடி ஏறியது.

குடியிருப்புக்குத் திரும்பியதும் அச்யுத் பேடைக் கழற்றினான். உமர் தன் போனைப் பிடுங்கி, துடைத்து, முத்தமிட்டான்.

"உயிரோட கீது மேடம்!"

"காரோட ப்ளூடூத்தில கனெக்ட் பண்ணு. சார், இப்படி வந்து பாருங்க. சத்தம் வலது ஸ்பீக்கர்ல வரும்."

ஐந்து தலைகள் சின்னத் திரைமேல் குவிந்தன. கதவின் உள்வயிறு, டார்ச் வெளிச்சத்தில். அடியில் கலங்கல் நீர் ஆடிக்கொண்டிருந்தது. உமர் ஓட்டிக்கொண்டே போனான். பூக்காரியின் குரல், கார்க் கதவு மூடும் சத்தம், பெல்ட் மாட்டும் க்ளிக். அப்புறம் மேலே கண்ணாடி இறங்க ஆரம்பித்தது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு வில்வ இலை இறங்கியது. ரப்பரைத் தாண்டியதும் பிரிந்து, மூன்று விரலையும் விரித்துச் சுழன்று சுழன்று தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே இரண்டு அரளி. அதன்பின், பனி பெய்வதுபோல், வெள்ளையாகத் தூள்.

"விபூதி!" என்றாள் அனன்யா.

"விபூதிதான்," என்றாள் ஜெயஸ்ரீ. "இட்டுக்கிட்டது போக மிச்சத்தை எல்லாரும் கோவில் தூண்ல கொட்டுவாங்க. சார் கண்ணாடி ஓரத்துல தேய்க்கறார். பூவையும் இலையையும் அங்கேயே செருகறார். கோபுரத்தைக் கும்பிடக் கண்ணாடியை இறக்கறார். கண்ணாடி எல்லாத்தையும் உள்ளே இழுத்துக்கிட்டுப் போகுது. இலை துளைமேல பாய் விரிக்கும், விபூதி நனைஞ்சு அதுக்குப் பூச்சு பூசும். சிமெண்ட் தோத்துடும்."

பத்ரிநாராயணன் அர்ச்சனைத் தட்டுப் பையை அணைத்துக்கொண்டார். "பிரசாதத்தைக் கீழே போட முடியுமா? கால்ல படாதோ? முன்னாடி வெச்சா ஏசி காத்துல பறக்கறது. அதான் அங்க செருகுவேன். ஆத்துக்கு வந்து பாத்தா இருக்காது."

"எங்க போச்சுன்னு ஒருநாளும் தோணலையா? க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்தவர் நீங்க!"

"பகவான் எடுத்துண்டுட்டார்னு நினைச்சேன்," என்றார் அவர், ஈனமான குரலில்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. போனுக்கும் அவருடைய வாய்க்கும் நடுவே டோர் பேடைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் காரில் யாருக்கும் கேட்காத முணுமுணுப்பை அது ஓரெழுத்து விடாமல் வாங்கியிருந்தது. வலது கதவின் ஸ்பீக்கர், அச்யுத் மாட்டிய அந்த அருமையான ஸ்பீக்கர், பத்ரிநாராயணனின் குரலைக் குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி ஒலிபரப்பியது.

"கபாலீ... கொழந்தை கல்யாணம் நல்லபடியா நடக்கணும். தினம் அர்ச்சனை பண்றேனே, இந்த இலை சாட்சியா கேக்கறேன். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பொய் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லலைன்னு நீயே எப்படியாவது எனக்குக் காட்டிக் குடுத்துடு..."

மூன்றாம் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"காட்டிட்டாரு சார்," என்றான் உமர் பவ்யமாக. "என் போன்லயே காட்டிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அனன்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கல்யாணப் பேச்சு எடுத்த நாள்லேர்ந்துதாம்மா இந்த தினசரி அர்ச்சனை," என்றாள் ஜெயஸ்ரீயிடம். "அதே சமயத்துலதான் அச்யுத் முதல் ஸ்பீக்கரை மாட்டினான்."

கல்யாணம் நடக்க வேண்டும் என்று வைத்த இலையெல்லாம் சேர்ந்துதான் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறது.

அச்யுத் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். துளைக்குள் விட்டு நிமிண்டினான். ஒரு கட்டி பெயர்ந்தது. அடுத்த நொடி தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் பீய்ச்சிக்கொண்டு வந்தது. உமர் ஒரே தாவலில் திட்டில் ஏறினான். தண்ணீரோடு தண்ணீராக அரளி இதழ்களும் இலைத் துணுக்குகளும் தரையில் பரவ ஆரம்பித்தன.

"ஐயோ, பிரசாதம்! கால்ல படும்!" பத்ரிநாராயணன் செருப்பை உதறிவிட்டு ஒற்றைக்காலில் நின்றார்.

அச்யுத் மழைக்கோட்டைக் கழற்றிக் கதவின் அடியில் விரித்தான். ஸ்பீக்கர் ஓட்டை வழியாகத் தோள்வரை கையை விட்டு, ஊறிய இலைகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி அதில் போட்டான். தரையில் ஓடியதைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். வேலை முடிந்ததும் கோட்டின் நாலு மூலையையும் சேர்த்து மூட்டை கட்டினான்.

பத்ரிநாராயணன் அதையெல்லாம் ஒற்றைக்காலிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"உப்பு இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சிமெண்டும் இல்லை."

"விடுங்கோ மாமா," என்றான் அச்யுத். "முன்னாடி ஒரு சின்ன டப்பா ஒட்டித் தரேன், இனிமே அதுல போட்டுக்கோங்கோ. இதை எங்க சேர்க்கறது?"

"அந்தப் பவழமல்லி மரத்தடியில."

அச்யுத் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மரத்தைச் சுற்றிப் பாசி பிடித்த சிமெண்டுத் தரை, மழையில் ஊறிப் பளபளத்தது. அவன் அதில் கால் வைக்கப் போனதைப் பார்த்த பத்ரிநாராயணன், இன்னொரு காலையும் கீழே ஊன்றிக்கொண்டு பதறிப்போய்க் கத்தினார்.

"மாப்பிள்ளை! பாத்து, வழுக்கும்!"

அதுவரை சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தான். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அச்யுத் வழுக்கி, மல்லாக்க விழுந்தான். மூட்டையை மட்டும் இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். ஓர் இலைகூடத் தரையில் விழவில்லை.